மூடாத மதகு: குழந்தைகளின் மிகை வளர்ச்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

பிள்ளை வளரவில்லை என்றால் பெற்றோர் கவலைப்பட்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். மளமளவென்று வளர்ந்தால் யாரும் போவதில்லை. தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இதுதான் வழக்கம். "என்ன வளர்த்தி பார்த்தீர்களா, அப்பாவையே மிஞ்சிவிடுவான்" என்று பெருமையாகப் பேசுவார்கள். கண் பட்டுவிடும் என்று சுற்றிப் போடுவார்கள். பள்ளியில் கைப்பந்து அணிக்குக் கூப்பிடுவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரமான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர்கள்தான்.

மிக அரிதாகச் சில பிள்ளைகளின் உயரத்துக்குப் பின்னால் நோய் இருக்கிறது. எலும்புகள் இன்னும் நீளக்கூடிய வயதில், உடலில் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து, பிள்ளை அபரிமிதமாக வளர்வதற்கு ஜைகான்டிசம் என்று பெயர். உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். இவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி எழுதக் காரணம், நம் ஊர்ப் பேச்சில் அது படும் பாடு. உயரமான பிள்ளையைக் கண்டாலே "ஹார்மோன் கோளாறு" என்பவர்கள் ஒரு பக்கம். உண்மையாகவே நோய் வந்த பிள்ளையைப் பார்த்து "வம்சவாகு, விடுங்கள்" என்பவர்கள் மறுபக்கம். முதல் பேச்சு நல்ல பிள்ளையைப் புண்படுத்துகிறது. இரண்டாவது, சிகிச்சை கிடைக்க வேண்டிய பிள்ளையின் காலத்தைத் தின்றுவிடுகிறது.

மேட்டூரும் கல்லணையும் உடலுக்குள்

மேட்டூரில் திறந்த தண்ணீர் நேரே வயலுக்கு வந்துவிடுவதில்லை. கல்லணையில் பிரிந்து, கிளை ஆறுகளில் இறங்கி, வாய்க்கால் தலைப்புகளில் உள்ள ஷட்டர்கள் வழியாகக் கடைமடை வரை போகிறது. எந்த மதகை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும். மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் வந்து ஷட்டரை ஏற்றுவார், இறக்குவார். கடைமடை வயல் நனைந்து, போதும் என்ற செய்தி மேலே போனால் மதகு இறங்கும். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள்: சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளையின் வளர்ச்சியும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி இரத்தத்தில் கலந்துவிடும் வேதிப்பொருள். இரத்தத்தோடு ஓடி, தொலைவில் இருக்கும் வேறோர் உறுப்பை அது வேலை செய்ய வைக்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பிக்குப் பிட்யூட்டரி என்று பெயர். மூக்கின் பின்புறம், மூளைக்கு அடியில், மண்டையோட்டு எலும்பில் உள்ள சிறு குழிக்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் நம் தலைமதகு.

மதகுக்கு உத்தரவு போடுவது அதற்கு நேர் மேலே, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அங்கிருந்து இரண்டு உத்தரவுகள் வருகின்றன. ஒன்று திற என்கிறது. மற்றொன்று மூடு என்கிறது. அந்த இரண்டாவது உத்தரவுக்குச் சோமட்டோஸ்டாட்டின் என்று பெயர். சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் மறுபடி வரும்.

ஆரோக்கியமான பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்கச் சீராகச் சுரப்பதில்லை. முறைப் பாசனம்போல விட்டுவிட்டு வருகிறது. பெரிய திறப்பு இரவில், ஆழ்ந்த உறக்கத்தில் நடக்கிறது. தூக்கத்தில்தான் பிள்ளை வளர்கிறது என்று பாட்டிமார்கள் சொல்வதில் பெருமளவு உண்மை இருக்கிறது.

மதகிலிருந்து கிளம்பிய ஹார்மோன் கல்லீரலுக்குப் போகிறது. இந்த இடத்தில் வாய்க்கால் ஒப்புமை முழுதாகப் பொருந்தாது. மேட்டூரில் விட்ட அதே தண்ணீர்தான் வயலுக்கும் வருகிறது; உடலிலோ கல்லீரல் அந்த ஹார்மோனின் தூண்டுதலால் புதிதாக இன்னொரு பொருளைச் செய்து அனுப்புகிறது. அதற்கு ஐ.ஜி.எஃப்-1 என்று பெயர். எலும்பை நீளச் செய்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. போதும் என்ற செய்தியை மேலே கொண்டுபோவதும் இதுதான். இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 கூடினால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அதை உணர்ந்து மதகை இறக்கிவிடுகின்றன.

எலும்பு எங்கே நீள்கிறது?

எலும்பு நடுவிலிருந்து நீள்வதில்லை. கை, கால்களின் நீண்ட எலும்புகளுடைய முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதை வளர்தட்டு என்கிறோம். அங்கே புதிய செல்கள் பெருகி, வரிசையாக அடுக்கி, பிறகு கெட்டியாகி எலும்பாகின்றன. நம் ஒப்புமையில் நீர் கேட்கும் வயல் இதுதான்.

பூப்பெய்தும் பருவத்தில் சுரக்கும் பாலின ஹார்மோன்கள் முதலில் வளர்ச்சியைத் துரிதப்படுத்தி, பிறகு வளர்தட்டுகளை எலும்பாக மாற்றி மூடிவிடுகின்றன. பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குப் 15 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 17 வயதை ஒட்டியும் இது முடிகிறது. அதன் பிறகு எந்தச் சத்து மாவும் எந்தத் தொங்கும் பயிற்சியும் உயரத்தைக் கூட்டாது.

மதகு பழுதானால்

ஜைகான்டிசம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிட்யூட்டரியில் ஒரு கட்டி இருக்கும். அதற்கு அடினோமா என்று பெயர். கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். அடினோமா புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவுவது கிடையாது. ஆனால் அதன் செல்கள் வளர்ச்சி ஹார்மோனை இடைவிடாமல் சுரக்கின்றன. ஐ.ஜி.எஃப்-1 எவ்வளவு ஏறினாலும், போதும் என்ற செய்தி எத்தனை முறை வந்தாலும், கேட்பதில்லை. ஷட்டர் துருப்பிடித்து மேலேயே நின்றுவிட்ட நிலை.

இரண்டாவது தீங்கு ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கட்டி பெரிதாகும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களை நெருக்குகிறது. பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன்களும் இதே பிட்யூட்டரியில்தான் சுரக்கின்றன. அவை குறைந்துவிட்டால் பருவமடைவது தள்ளிப்போகிறது. அது தள்ளிப்போனால் வளர்தட்டுகளை மூட ஆளில்லை. ஆக, ஒரு பக்கம் தண்ணீர் நிற்காமல் வருகிறது. மறு பக்கம் பயிர் கதிர் வைக்காமல் தாளாகவே உயர்ந்துகொண்டு போகிறது. மிக அசாதாரணமான உயரங்கள் இப்படி இரண்டும் சேரும்போதுதான் வருகின்றன.

பிட்யூட்டரிக்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம் இருக்கிறது. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்த நரம்புகளை அழுத்தும். அப்போது நேராக இருப்பது தெரியும், இரு ஓரங்களிலும் வருவது தெரியாது.

இதே கோளாறு வளர்தட்டுகள் மூடிய பிறகு ஒரு பெரியவருக்கு வந்தால் உயரம் கூடாது. கையும் பாதமும் தடிக்கும், தாடை முன்னே நீளும், மூக்கும் உதடும் பருக்கும். அதற்கு அக்ரோமெகாலி என்று பெயர். கதிர் முற்றிய வயலில் தண்ணீர் நின்றால் பயிர் உயர்வதில்லை, சாய்ந்து கெடுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது, கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 செய்கிறது, வளர்தட்டில் எலும்பு நீள்கிறது, போதும் என்ற செய்தி திரும்பிப் போகிறது. அடினோமா வந்தால் அந்தக் கடைசிச் செய்தி பலிக்காமல் போகிறது.

ஏன் வருகிறது?

பலருக்குப் பிட்யூட்டரியின் ஏதோ ஒரு செல்லில் மட்டும் தற்செயலாக ஏற்படும் மரபணு மாற்றமே காரணம். தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, பிள்ளைக்கு எதையோ ஊட்டியதாலோ வருவதில்லை. வீட்டில் மாமியாரும் அக்கம்பக்கமும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் நமக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிலருக்கு அது குடும்பவழி வருகிறது. 1783-இல் லண்டனில் இறந்த சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரரின் கதை இதற்குச் சான்று. அவருடைய அசாதாரண உயரத்தைக் காட்சிப் பொருளாக்கிக் காசு பார்த்தார்கள். இறந்த பிறகு எலும்புக்கூட்டை அவர் விருப்பத்துக்கு மாறாக எடுத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். 1909-இல் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் அந்த மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரி உட்காரும் குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். 2011-இல் பைர்னின் பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் ஏ.ஐ.பி. என்ற மரபணுவின் பிழை தெரியவந்தது. வட அயர்லாந்தில் இன்றும் சில குடும்பங்கள் அதே பிழையைச் சுமக்கின்றன. அந்தப் பிழை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் டாக்டர் குடும்பத்தாரையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

உயரம் வேறு, வேகம் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிள்ளை எவ்வளவு உயரம் என்பதைவிட, ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறது என்பதே முக்கியம்.

பிறந்த முதல் ஆண்டில் குழந்தை ஏறத்தாழ 25 செ.மீ. வளரும். அடுத்த ஆண்டு அதில் பாதி. நான்கு வயதிலிருந்து பருவம் தொடங்கும்வரை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. பருவ வயதில் ஒரு துள்ளல் வரும்; உச்சத்தில் பெண்பிள்ளைகள் ஆண்டுக்கு 8 செ.மீ. அளவிலும் ஆண்பிள்ளைகள் 9, 10 செ.மீ. அளவிலும் வளர்ந்து, பிறகு வேகம் தணியும்.

ஒரு பேச்சுக்கு இரண்டு பத்து வயதுப் பையன்களை வைத்துக்கொள்வோம். முதல் பையன் 150 செ.மீ.; வகுப்பிலேயே உயரம். அவன் அப்பா 183 செ.மீ. மூன்று வயதிலிருந்தே அவன் எல்லோரையும்விட உயரம்தான், ஆண்டுக்கு 6 செ.மீ. வளர்ந்துகொண்டு வருகிறான். இவனுக்கு நோய் இருப்பதாக நினைக்கக் காரணமே இல்லை. இரண்டாவது பையன் 146 செ.மீ. முதல் பையனைவிடக் குட்டைதான். ஆனால் போன ஆண்டு இவன் 135 செ.மீ. இருந்தான். அப்பா 162, அம்மா 150. பருவமடையும் அறிகுறி எதுவும் இன்னும் இல்லை. ஒரே ஆண்டில் 11 செ.மீ. வளர்ந்த இவனைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊர்க்கண்ணுக்குத் தெரிவது முதல் பையன். கவனம் தேவைப்படுவது இரண்டாமவனுக்கு.

பெற்றோரின் உயரத்தை வைத்து ஒரு எளிய கணக்கும் உண்டு. இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண்பிள்ளையானால் 13 சேர்த்து, பெண்பிள்ளையானால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். இரண்டாவது பையனுக்கு 162-உம் 150-உம் 13-உம் சேர்ந்து 325; பாதி 162.5 செ.மீ. இதற்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே கீழே முடிவது இயல்பு. இந்த எல்லையைத் தாண்டிப் போகும் பாதையில் பிள்ளை ஏறினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

அளக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கொண்டை இருந்தால் அவிழ்த்து, குதிகாலும் பிட்டமும் தோள்பட்டையும் சுவரில் பட நேராக நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தால் அதே நேரத்தில், அதே ஆள் அளந்தால் போதும். மாதாமாதம் அளந்து பதற வேண்டாம். அளவில் அரை சென்டிமீட்டர் பிசகுவது சகஜம்.

உயரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பெரும்பாலும் குடும்பவாகுதான். பருமனான பிள்ளைகள் சற்று முன்னதாக உயர்வார்கள். தைராய்டு மிகைச் சுரப்பும் வளர்ச்சியைத் துரிதப்படுத்தும். மார்ஃபான் போன்ற சில பிறவிக் கோளாறுகளில் கைகால்கள் மெலிந்து நீண்டிருக்கும். பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ பருவ அறிகுறிகள் தொடங்கினாலும் திடீரென உயர்வார்கள். ஆனால் வளர்தட்டு சீக்கிரமே மூடிவிடுவதால் கடைசியில் குட்டையாக நின்றுவிடுவார்கள். அதையும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

வீட்டில் என்ன தெரியும்?

முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் செருப்புதான். பள்ளி திறக்கும்போது வாங்கிய செருப்பு காலாண்டுத் தேர்வுக்குள் பிடிக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாவின் அளவு எடுக்க வேண்டியிருக்கிறது. சீருடைப் பேன்ட்டின் மடிப்பைப் பிரித்துவிட்டும் கணுக்கால் தெரிகிறது. பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்டால் கண்டக்டர் நம்ப மறுக்கிறார்.

செருப்பும் உடையும் மட்டும் என்றால் அது பொதுவான வளர்ச்சியாகவும் இருக்கலாம். அவற்றோடு அடிக்கடி தலைவலி, காற்றாடியின் கீழே உட்கார்ந்தும் அடங்காத வியர்வை, மூட்டு வலி, எப்போதும் அசதி, விரல்களும் பாதங்களும் தடித்துப்போவது, பற்களுக்கிடையே இடைவெளி விழுவது, தாடை முன்னே வருவது ஆகியவற்றில் சிலவாவது சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது. பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாமல் மோதிக்கொள்வது, கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது போன்றவை பார்வை குறைவதன் அடையாளமாக இருக்கலாம். உடலில் பால் கலந்த காபி நிறத்தில் பெரிய தேமல்கள் பிறவியிலிருந்தே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மெக்யூன்-ஆல்பிரைட் என்ற கோளாறில் அப்படித் தேமலும் மிகை வளர்ச்சியும் சேர்ந்து வருவதுண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதினான்கு வயதுபோல் தெரியும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்பது வயதுப் பிள்ளைதான். "இவ்வளவு பெரியவனாக இருந்துகொண்டு அழுகிறாயே" என்று வீட்டிலும் வகுப்பிலும் கேட்பது அந்தக் குழந்தைக்கு இழைக்கும் அநீதி. பட்டப்பெயர் வைப்பதும் அப்படியே.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால், ஏதோ ஒரு நேரத்தில் இரத்தம் எடுத்து அதன் அளவைப் பார்ப்பதால் பயனில்லை. முறை வரும் நாளில் பார்த்தால் வாய்க்கால் நிரம்பி ஓடும். மறுநாள் வறண்டு கிடக்கும். ஐ.ஜி.எஃப்-1 அப்படி ஏறி இறங்குவதில்லை. ஆகவே முதலில் அதைப் பார்க்கிறார்கள். அந்தந்த வயதுக்கும் பருவத்துக்கும் உரிய அளவோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்; பருவ வயதில் அது இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஆய்வகத் தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்க வேண்டும் என்பது உடலின் விதி. மதகு சரியாக இருந்தால் இறங்கும். அடினோமா இருந்தால் பெரும்பாலும் இறங்காது. பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிட்யூட்டரியைப் பார்க்கிறார்கள். கண் மருத்துவர் ஓரப் பார்வையைச் சோதிப்பார். இதயம், இரத்தச் சர்க்கரை இரண்டையும் பார்ப்பார்கள்; நீண்ட நாள் மிகைச் சுரப்பு இதயத் தசையைத் தடிக்கச் செய்து நீரிழிவையும் கொண்டுவரும்.

சுருக்கமாக: முதலில் அளவுகோல், பிறகு ஐ.ஜி.எஃப்-1, பிறகு குளுக்கோஸ் சோதனை, கடைசியில் ஸ்கேன். நேராக ஸ்கேன் எடுத்து ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

பிராய்லர் கோழி பற்றி

கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்றுதான் பிள்ளைகள் இப்படி வளர்கிறார்கள் என்ற பேச்சு டீக்கடை தோறும் கேட்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வாய்வழி போனால் பருப்பும் முட்டையும்போலச் செரித்துவிடும். மருந்தாகக் கொடுக்கும்போதும் அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள். பிராய்லர் கோழி சில வாரங்களில் எடை போடுவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். அந்தக் கோழியைத் தினமும் சாப்பிடுவது நல்லதா என்பது வேறு விவாதம். ஜைகான்டிசத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

சிகிச்சை

1918-இல் அமெரிக்காவில் பிறந்த ராபர்ட் வாட்லோ, 272 செ.மீ. உயரத்தோடு, பதிவுபெற்ற வரலாற்றிலேயே மிக உயரமான மனிதராக இருந்தார். கணுக்கால் தாங்கி உராய்ந்து வந்த கொப்புளம் சீழ்பிடித்து 1940-இல், 22 வயதில் இறந்தார். கடைசிவரை வளர்ந்துகொண்டிருந்தார், நிறுத்த வழியில்லாத காலம் அது. துருக்கியைச் சேர்ந்த சுல்தான் கோசென் 251 செ.மீ. உயரம். அவருக்கு 2010-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கதிர்வீச்சு சிகிச்சை அளித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் வளர்ச்சி நின்றது.

இன்று முதல் தேர்வு பெரும்பாலும் அறுவை சிகிச்சை. மூக்கின் வழியாகவே கருவியைச் செலுத்தி, பின்னால் இருக்கும் கட்டியை எடுக்கிறார்கள். தலையை மொட்டை அடிப்பதோ மண்டையைத் திறப்பதோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, முகத்தில் தழும்பும் விழாது. கட்டி சிறிதாக இருக்கையில் வந்தால் முழுதாக எடுத்துவிடும் வாய்ப்பு அதிகம். பெரிதாகி அக்கம்பக்கத்தில் ஊடுருவிவிட்டால் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும்.

மிச்சத்துக்கு மருந்துகள் இருக்கின்றன. மூடு என்ற உத்தரவுக்குப் பெயர் சோமட்டோஸ்டாட்டின் என்று பார்த்தோம். அதைப்போலவே செயல்படும் ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஆகியவற்றை மாதம் ஒருமுறை ஊசியாகப் போடுகிறார்கள். சிலருக்குக் காபர்கோலின் மாத்திரை பயன்படும். பெக்விசோமன்ட் என்ற ஊசி வேறு வழியில் வேலை செய்கிறது: மதகை அது தொடுவதில்லை, தண்ணீர் வயலுக்குள் நுழையும் மடையை அடைத்துவிடுகிறது. கதிர்வீச்சு பலன் தர ஆண்டுகள் ஆகலாம், பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களையும் குறைத்துவிடலாம் என்பதால் பிள்ளைகளுக்கு அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

ஏறிய உயரம் எந்தச் சிகிச்சையாலும் இறங்காது. சீக்கிரம் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். சிகிச்சைக்குப் பிறகும் ஐ.ஜி.எஃப்-1 அளவையும் ஸ்கேனையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். சிலருக்குத் தைராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டு மாத்திரையும் நெடுங்காலம் தேவைப்படும். "உடம்பு சரியாகிவிட்டது" என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

யாரிடம் போவது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர்களே ஹார்மோன் நிபுணரிடமும், நரம்பு அறுவை வசதி உள்ள சென்னை, மதுரை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கும் அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் சென்று, எது எது அதில் அடங்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தாய், தந்தை, கூடப் பிறந்தவர்களின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் பழைய அளவுகள் இருக்கும். வெவ்வேறு வயதில் எடுத்த நாலைந்து புகைப்படங்கள் முகம் மாறியிருக்கிறதா என்று பார்க்க உதவும். பள்ளியில் உயரமும் எடையும் குறித்துவைத்திருந்தால், கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் அளவுகளை வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.